நான் எழுதிய ஏழாவது விதி

நான் எழுதியவற்றில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் அமலுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அது கதையுமில்லை, கட்டுரையுமில்லை. அரூரில் எங்கள் படிப்பகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சட்டதிட்டம். அதையும் சொந்தமாக எழுதவில்லை, காப்பியடித்தேன். பக்கத்து ஊர்ச் சங்கத்தைப் பார்த்துக் காப்பியடித்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் நியூயார்க்கில் இருக்கும் உலக சபையைப் பார்த்து அடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தா. சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் உலக சபையைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை மூன்று தடவை படித்தேன். ஐந்து பெரிய நாடுகளுக்கு அங்கே நிரந்தர இடம் என்றும், ஐந்தில் ஒன்று வேண்டாம் என்று சொன்னால் மற்ற எல்லாரும் சேர்ந்து கத்தினாலும் காரியம் நடக்காது என்றும் அதில் போட்டிருந்தது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருப்பான். நான் அடிக்கோடு போட்டேன்.

எங்கள் படிப்பகத்துக்கும் ஐந்து பேர் தூண்களாக இருந்தார்கள். இடம் கொடுத்தவர் புளி மண்டிக்காரர். மண்டியின் முன்பக்க அறைதான் படிப்பகம். ரேடியோ துணிக்கடைக்காரருடையது. பெஞ்சும் மேசையும் ரைஸ் மில்காரர் போட்டது. பத்திரிகைச் செலவு ஊசி டாக்டருடையது; அவர் கம்பவுண்டராக இருந்து, ஊசி போட்டுப் போட்டே டாக்டரானவர். ஐந்தாமவர் ஹைஸ்கூல் தலைமையாசிரியர். புத்தகங்களும் பீரோவும் அவர் தந்தவை என்பதால் தலைவரும் அவரே. இவர்களை ‘நிரந்தர உறுப்பினர்கள்’ என்று எழுதினேன். ஏழாவது விதி இது: நிரந்தர உறுப்பினர் ஐவரில் எவரேனும் ஒருவர் மறுப்பின் எத்தீர்மானமும் நிறைவேறாது. ஆபீஸ் டைப்ரைட்டரில், ஆபீஸ் காகிதத்தில் மூன்று காப்பி அடித்தேன்.

படித்துக் காட்டியபோது ஊசி டாக்டர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“நிரந்தரம்னா எது வரைக்கும்ங்க தம்பி? சாகற வரைக்குமா?”

“உலக சபையில அப்பிடியெல்லாம் போடலைங்க. நாடு சாகாதுங்களே.”

“நாடு சாகாது. எனக்குச் சக்கரை இருக்குது” என்றார்.

எனக்குச் செயலாளர் பதவி கிடைத்தது. கூடவே ஒரு ரப்பர் ஸ்டாம்பு. நடுவில் திறந்த புத்தகம், சுற்றிலும் படிப்பகத்தின் பெயர். கொஞ்ச நாளைக்கு எதைப் பார்த்தாலும் குத்தினேன். பத்திரிகைகளின் ஓரத்தில், நாற்காலியின் அடியில், ஒருமுறை என் கையிலேயே.

எழுபத்தொன்று பிறந்து, கிழக்கு வங்காளத்துச் செய்தி ரேடியோவில் வர ஆரம்பித்தது. ஊர் ஊராகச் சுடுகிறார்கள், எரிக்கிறார்கள், எல்லை தாண்டி ஜனங்கள் சாரைசாரையாக வருகிறார்கள் என்று சாயங்காலம் சாயங்காலம் கேட்டோம். மண்டிக்காரர் மெதுவாகப் பேசுகிற மனிதர். செய்தி கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும், துண்டால் துடைத்துக்கொள்வார். அகதிகளுக்காகக் கடிதங்களில் அஞ்சு பைசா ஸ்டாம்பு கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ஒட்டத் தேவையில்லாததற்கும் சேர்த்து ஒட்டியவர் அவர். நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். நடிப்பில்லை.

அந்த நாட்டு அரசாங்கத்தின் சார்பில் பேசிய ஒருவர், ‘இது எங்கள் உள்விவகாரம், வெளியார் தலையிட அனுமதியோம்’ என்று சொன்னதாக ஒருநாள் செய்தியில் வந்தது. அறை முழுவதும் ‘த்தூ’ என்றது. அன்றைக்குத்தான் உலக சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவது என்று பேச்சு எழுந்தது. நான் இங்கிலீஷில் எழுதினேன். ‘கண் முன்னே வீடுகள் எரிகையில் உலகம் கைகட்டி நிற்பதா?’ என்று ஒரு வரி. தலைமையாசிரியர் அந்த வரியை இரண்டு தடவை படித்து, தலையை ஆட்டினார். விண்ணப்பம் போகும் சபையின் சுவரில் உலகப் படம் இல்லாமலிருப்பது கௌரவக் குறைவு என்று தோன்றியது. நானும் தலைமையாசிரியரும் சேலத்துக்கு ரயிலேறிப் போய்ப் படம் வாங்கிவந்தோம்.

திரும்பும்போது பொம்மிடியில் இறங்கி அரூர் பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் தலைமையாசிரியர், பக்கத்தில் நான், என் மடியில் சுருட்டிய உலகம். ஆறேழு மைல் வந்திருப்போம். உச்சி வெயில். ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம், குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன.

ஒரு குடிசை இல்லை, வரிசை முழுவதும். மழை விட்டுப் பத்து நாள் வெயிலில் கூரைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. வண்டித்தடத்தில் ஒரு லாரி நின்றது. அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஒரு பெண்குழந்தையின் பெயர். அந்த லாரியைத் தினமும் படிப்பக வாசலில் பார்க்கிறவர்கள் நாங்கள். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தீயை அணைக்க வந்தவர்கள் கையில் குடம் இருக்கும். இவர்கள் கையில் தடி இருந்தது. தூரத்துக் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள், பிடுங்கிய செடியைக் கீழே போடவும் தோன்றாமல் கையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். பஸ்ஸில் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“நிறுத்தச் சொல்லட்டுங்களா சார்?”

“ஃபயர் சர்வீசுக்கு யாராச்சும் போன் பண்ணியிருப்பாங்கப்பா” என்றார் தலைமையாசிரியர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் போன் எங்கேயிருக்கிறது என்று கண்டக்டர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் விசில் ஊதினார்.

அப்புறம் தெரிந்த விவரம் இது. கடலை பிடுங்க எட்டுப் படிக்கு ஒரு படி கூலி வேண்டும் என்று அந்தக் காலனி ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். பத்துக்கு ஒரு படிதான் என்று பெரிய காட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்காரரின் சொந்த ஊர் அது, அவருக்கும் அங்கே காடு உண்டு. அவர்கள் அவரிடம் போகாமல் வேறொருவர் காட்டுக்குப் பிடுங்கப் போன நாளில் தீ. எல்லாரும் வேலைக்குப் போய்விட, நடக்கமுடியாத கிழவி ஒருத்தி, தூளியில் கிடந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருவரும் வெளியே வரவில்லை. மண்டிக்காரர் சொல்லித்தான் நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரி அவருடையது. அது தெரியும்.

போலீஸ் வந்து, மண்டிக்காரர் மேல் பழி போடுவதற்காக ஜனங்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று எழுதி, கிழவியின் மகனையே பிடித்துக்கொண்டு போனது.

மறுநாள் சனிக்கிழமை. விண்ணப்பத்தை நிறைவேற்றக் கூட்டம். நாலு மணிக்குப் படம் மாட்டி முடித்தோம். வாசல்படியில் கிழவியின் மருமகள் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கலாம். சேலையில் ஒரு பக்கம் கரி.

“எங்க வூட்டுக்காரரு சப் ஜெயில்ல கெடக்கறாருங்க சாமி. திங்கக்கெழம கோர்ட்டுக்குக் கூட்டியாராங்களாம். நாங்களே வூட்டக் கொளுத்திக்கிட்டோம்னு எழுதியிருக்காங்களாம். மாமியாள உள்ள வச்சா கொளுத்துவோம்? வெளியாளு வந்தாங்க, லாரி நின்னுச்சுன்னு படிச்சவங்க ஒரு கடுதாசி எழுதி முத்திர குத்திக் குடுத்தா, ஜட்ஜய்யாகிட்ட காட்டறேன்னு வக்கீலு சொல்லியிருக்காருங்க.”

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். செயலாளர் நான்தான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான் வாயைத் திறந்து, ‘நான் பார்த்தேன்’ என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை. ஆனால் நான் சர்க்கார் உத்தியோகஸ்தன், தனி மனிதன், சின்னப் பையன். சபை என்று ஒன்று இருக்கிறதே, அது பேசட்டும் என்று முடிவு செய்தேன். அது ரொம்ப நிம்மதியான முடிவு. தலைமையாசிரியரும் அதே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தார் என்பது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது.

“இப்பிடி ஒரு கோரிக்கை வந்திருக்குது. சபை என்ன நினைக்குதுங்க?” என்றார்.

மண்டிக்காரர்தான் முதலில் பேசினார். குரல் உயரவில்லை.

“மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குதும்மா. ரெண்டு உசுரு. ஆனா இது எங்க ஊரு விஷயம். ஊருக்குள்ள நாங்க பேசித் தீத்துக்குவோம். டவுன்ல இருக்கற சங்கம் இதுல வந்து பூந்தா, நாளைக்கு எல்லா ஊரு சண்டையும் இங்க வந்து நிக்கும். அப்பறம் பேப்பர் படிக்கவே எடம் இருக்காது.”

ரேடியோவுக்கு ‘த்தூ’ சொன்ன அதே அறை. இந்தத் தடவை யாருக்கும் எச்சில் ஊறவில்லை.

“ஏழாவது விதியை ஒருக்கா படிங்க தம்பி” என்றார் ரைஸ் மில்காரர்.

படித்தேன். நிறுத்தி, தெளிவாக, ‘மறுப்பின்’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துப் படித்தேன். நல்ல நடை என்று அந்த நேரத்திலும் மனதுக்குள் ஒரு மூலையில் தோன்றியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

கடிதம் இல்லை என்று ஆனபின், குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்ற பிரச்சினை வந்தது. நான் ‘தீவைப்பு’ என்று எழுதியிருந்தேன்.

“வச்சாங்கன்னு எப்பிடிங்க தெரியும்? விபத்துன்னு போடுங்க” என்றார் துணிக்கடைக்காரர்.

“விபத்துன்னா அந்தம்மா மனசு நோகும்” என்றார் ஊசி டாக்டர்.

“தீவைப்புன்னா என் மனசு நோகாதா?” என்றார் மண்டிக்காரர்.

அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் யார் மனமும் நோகாமல் ‘தீச்சம்பவம்’ என்று முடிவாயிற்று. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

எதுவுமே செய்யவில்லை என்று இருக்கக்கூடாது என்பதற்காகத் தலைமையாசிரியர் ஒரு யோசனை சொன்னார். மூன்று பேர் குழு ஒன்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும்: அவர், ஊசி டாக்டர், நான். யாரும் மறுக்கவில்லை. எதில் போவது என்ற கேள்வி வந்தது.

“என் லாரி சும்மாதானே நிக்குது?” என்றார் மண்டிக்காரர்.

பிறகு நிகழ்ச்சிநிரலின் அடுத்த பொருள். வங்காள விண்ணப்பத்தைப் படித்தேன். கண் முன்னே வீடுகள் எரியும் அந்த வரி வந்தபோது வாசல் பக்கம் பார்க்காமல் படித்தேன். ஐந்து கையும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது மண்டிக்காரர் கை. மூன்று காப்பியிலும் ஸ்டாம்பு குத்தினேன். சத்தம் கேட்டு அவள் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். தனக்குத்தான் குத்துகிறேன் என்று நினைத்திருப்பாள். கூட்டம் கலையும்போது மணி ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த லாரியிலேயே போனோம். பின்பக்கம் கழுவிவிட்டிருந்தது. ஜனங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், லாரியின் நெற்றியைப் பார்த்ததும் எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். சாம்பலில் ஒரு அம்மிக்கல்லும், வாய் உடைந்த பானைகளும் கிடந்தன. தூளிக்கயிறு கட்டியிருந்த விட்டம் எது என்று அவள் காட்டினாள். எல்லா விட்டமும் ஒரே மாதிரி இருந்தன. ஊசி டாக்டர் திரும்பி நின்றுகொண்டார்.

“எழுதிக்கிட்டீங்களா சாமி?” என்றாள்.

“எழுதிக்கிட்டேம்மா” என்றேன். எழுதியிருந்தேன். நான் எழுதாமல் விட்டது எதுவுமில்லை, பஸ்ஸைத் தவிர.

மத்தியானச் சாப்பாடு மண்டிக்காரரின் காட்டு வீட்டில். நாட்டுக்கோழி. மூவரும் சாப்பிட்டோம்.

அறிக்கையில் ‘தீயின் காரணம் உறுதியாகப் புலப்படவில்லை, சாட்சிகள் முன்வரவில்லை’ என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். மூவரில் இருவர் சாட்சிகள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தில் அறிக்கை பரிசீலிக்கப்படும் என்று குறித்தேன்.

கோர்ட்டு திங்கட்கிழமையே கூடிவிட்டது. எங்கள் ஆபீசிலிருந்து பார்த்தால் கோர்ட்டு வாசல் தெரியும். கையில் எதுவுமில்லாமல் அவள் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு டீ குடிக்க எல்லாரும் அந்த வழியாகத்தான் போவோம். அன்று நான் அந்த வழியாகப் போகவில்லை. பின்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது, அந்த வழியாகப் போய்வந்தேன். அவள் புருஷனைச் சேலம் ஜெயிலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

காலனி ஜனங்கள் அங்கே மறுபடி கூரை போடவில்லை. பாதிப் பேர் மைசூர்ப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். எங்கள் அறிக்கை பரிசீலிக்கப்படவே இல்லை. அந்த மாதம் எல்லையில் யுத்தம் வந்துவிட்டது, எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே உலக சபையில் தீர்மானம் கொண்டுவருவதும், ஐந்தில் ஒருவர் மறுப்பதுமாக இருந்தது. அந்த மறுப்பு நம் நாட்டுக்குத்தான் சாதகம் என்றுகூட யோசிக்காமல், “என்னய்யா சபை இது, ஒருத்தன் வேண்டாம்னா ஒண்ணும் நடக்காதா?” என்று துணிக்கடைக்காரர் கொதித்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று அச்சடித்த ஒரு அட்டை, யுத்தம் முடிந்து புது நாடு பிறந்து பல மாதம் கழித்து வந்தது. தலைமையாசிரியர் அதைக் கண்ணாடி போட்டு உலகப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இந்தச் சபைகள் ஏன் கைகட்டி நிற்கின்றன என்பதைப் பற்றி அப்புறம் நிறையப் படித்தேன். வல்லரசுகளின் சுயலாபம் என்கிறார்கள். நாட்டின் இறையாண்மை என்கிறார்கள். சொந்தப் படை கிடையாது, செய்தி சரியாக வருவதில்லை, என்ன பெயர் வைப்பது என்பதில் ஒற்றுமையில்லை என்கிறார்கள். எல்லாம் சரிதான். எங்களிடமும் இவையெல்லாம் இருந்தன, மண்டியின் முன்பக்க அறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில். புத்தகங்களில் நான் பார்க்காத காரணம் ஒன்று உண்டு. சபை கூடுவதே ஒருவருக்கும் தனியாகச் செய்யவேண்டிய அவசியம் வராமலிருக்கத்தான். அங்கே இருந்த நாங்கள் யாரும் கெட்டவர்களில்லை. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வருத்தப்பட்டோம். அந்த வருத்தத்தை மேசைமேல் வைத்து, சபையிடம் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஏழெட்டு வருஷம் கழித்து, சேலத்துக்கு மாற்றலாகிப் போகிற நாளில், பொம்மிடி ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். தண்டவாளத்தில் ஜல்லி கொட்டும் பெண்கள் வேலை முடிந்து கூடைகளோடு பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சிமென்ட் பெஞ்சில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே இறக்கி வைத்து நகர்ந்தாள்.

“ஒக்காருங்க சார். படிப்பகத்து சார்தானுங்களே?”

உட்கார்ந்தேன். குரலில்தான் அடையாளம் தெரிந்தது. புருஷன் பதினாலு மாதம் கழித்து வெளியே வந்தானாம். வந்தவனுக்கு நெஞ்சில் ஏதோ. ஒரு மழைக்காலம்தான் இருந்தானாம். பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “அன்னிக்கு பஸ்ஸுல நான் இருந்தேம்மா. லாரியை நான் பாத்தேன்.”

“தெரியுமுங்க” என்றாள். “கண்டக்டரு சொன்னாரு, ஜன்னலோரமா ரெண்டு சாருங்க பாத்தாங்கன்னு. அதுக்குத்தானே ஒங்ககிட்ட வந்தேன்.”

ரயில் வரக் காணோம். ஏதாவது பேசியாக வேண்டும் என்ற பதற்றத்தில், அந்தச் சபையின் சட்டம் அப்படி, ஐந்து பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மறுத்தால் முடியாது, அந்த விதியை நான்தான் எழுதினேன், பிற்பாடு நானே முன்னின்று அதை எடுத்துவிட்டேன் என்றெல்லாம் விளக்கினேன். விளக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு. கடைசியில் மன்னிப்பு மாதிரி ஒன்றையும் சொன்னேன்.

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார். மூணு மணி நேரம் வாசப்படியில நின்னேன். உள்ள ஒரு பெஞ்சு காலியாத்தான் கெடந்துச்சு. ஒக்காரும்மான்னு சொல்றதுக்கும் அஞ்சு பேரு ஒத்துக்கணுமுங்களா?”